உப்பும் மிளகும் வைத்த கல்லறை

சே. ம. சூ.

பல்லேபொல,
12.02.1989

அன்பு மகள் டொறீனுக்கு அப்பா எழுதுவது.

நீ பாரிஸ் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. அம்மா அன்றைக்கே அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். எவளோ ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. அதை முன்பே சொல்லிவிட்டேன். ஆனாலும் போன இடம் பிரான்ஸ். அதை வீணாக்காதே.

செத்துப்போன பிரெஞ்சுச் சாமியார் கோயில் அறையில் விட்டுப்போன பெட்டியில் ஒரு அகராதியும், ஒக்தாவ் பெலரீவ் என்பவருடைய ஒன்பது புத்தகங்களும், அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ஒரு கிழிந்த நூலும் இருந்தன என்பது உனக்குத் தெரியும். கொக்கோ ஸ்டோரில் கிளாக்கர் வேலை பார்த்துக்கொண்டே அந்த அகராதியை வைத்துத் தனியாகப் பிரெஞ்சு படித்தேன். பெலரீவ் பீப்பாய் செய்கிறவருடைய மகன். பள்ளிக்கூடம் போனது நான்கு வருஷம். அவர் நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், தேனீக்களைப் பற்றி எழுதினார், மாலுமிகளின் சொற்களுக்கு அகராதி செய்தார், தொழிலாளிகளுக்கு நட்சத்திரங்களைச் சொல்லிக்கொடுக்கப் பாடநூல் எழுதினார். அப்படி ஒருவர் இருந்தார் என்று தமிழில் யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். கொழும்பில் ஒரு பெரிய படிப்பாளிக்கு இதைப் பற்றி எழுதினேன். “பிரெஞ்சு எங்கே கற்றீர்கள்?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் நான் அவருக்கு எழுதவில்லை.

அந்தக் கிழிந்த நூலில் கடைசி அத்தியாயம் இல்லை. பெலரீவ் எப்படிச் செத்தார், எப்படி அடக்கம் பண்ணினார்கள் என்று எனக்குத் தெரியாது. நம் பங்குச் சாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். “கடவுளை மறுத்துப் பேசினவரு கதைய நம்ம ஆளுங்ககிட்ட விக்க விடமாட்டேங்க ஒஸ்வல்ட்” என்றார். “அவர் மறுத்தது சாமியார்மார, கடவுள இல்லங்க” என்றேன். “அப்ப அவரு குழியில சிலுவை இருக்கான்னு காட்டுங்க” என்றார்.

அவர் கல்லறை சேந்த் ஒப்ரே என்ற ஊரில் இருக்கிறது. பாரிசிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். நாடற்றவனுக்குப் பாஸ்போர்ட் தரமாட்டார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நீதான் போய்ப் பார்க்க வேண்டும். சிலுவை இருக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான்.

இப்படிக்கு உன் அன்பு அப்பா,
ஒஸ்வல்ட்


பாரிஸ்,
20.04.1989

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகள் டொறீன் எழுதுவது.

ஈஸ்டருக்கு இங்கே கோயிலுக்குப் போனேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எப்போது முழங்கால் போடுவது என்று தெரிந்தது. ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவுகிறேன். எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கிறோம். முறை வைத்துத் தூங்குகிறோம். எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் நல்லவர்கள்.

அப்பா, என் அகதி கேஸ் இன்னும் முடியவில்லை. ரயில் நிலையங்களில் பொலிஸ் நின்று கடதாசி கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே யாருக்கும் பெலரீவைத் தெரியவில்லை. முதலாளியிடம் கேட்டேன். “அது என்ன, சீஸா?” என்றார்.

அம்மாவின் கால் வீக்கம் எப்படி?

உங்கள் மகள்,
டொறீன்


சே. ம. சூ.

பல்லேபொல,
17.09.1989

அன்பு மகளுக்கு,

தபால் பல நாளாக ஓடவில்லை. உன் கடிதம் பிரித்து ஒட்டித்தான் வந்தது. காலையில் ரோட்டோரத்தில் டயர் எரிந்து கிடக்கும். உள்ளே யார் என்று எட்டிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போகிறோம். மாத்தளையில் நடராஜாவின் அச்சகம் ஒரு மாதம் பூட்டியிருந்தது. “யூனிபோம் போட்டவங்களும் வந்து யாருக்கு நோட்டீஸ் அடிச்சன்னு கேட்டாங்க, போடாதவங்களும் வந்து கேட்டாங்க. உங்க பிரெஞ்சுக்காரர மட்டுந்தான் ரெண்டு பேரும் கேக்கல” என்றான். எழுத்து எல்லாம் கோத்துத் தயாராக வைத்திருக்கிறான். பெலரீவின் சாவைச் சொல்லும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

எட்டுப் பேர் ஒரு அறையில் என்று எழுதியிருந்தாய். தோட்டத்து லய அறையில் பிறந்தவளுக்கு அது புதிதல்ல. இந்த ஏழு மாதத்தில் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வர இத்தனை நாளா? சாமியார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் “மகள்கிட்டருந்து ஏதும் வந்துச்சுங்களா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறார். எனக்கு அறுபத்திநாலு வயது. பிரான்சில் என் மகள் இருந்தும் நான் தலை குனிந்து நிற்கிறேன்.

அம்மாவின் கால் அப்படியேதான்.

அப்பா,
ஒஸ்வல்ட்


பாரிஸ்,
06.11.1989

அன்புள்ள அப்பாவுக்கு,

உத்தரிக்கிற ஆத்துமாக்களின் நாளன்று சேந்த் ஒப்ரே போனேன். கோயிலுக்குப் பின்னால் சின்னச் சேமக்காலை. பெலரீவின் கல்லறை சுவர் ஓரமாக இருக்கிறது. தலைமாட்டில் இரும்புச் சிலுவை. கல்லில் அவர் பெயரும் வருஷங்களும் இருக்கின்றன. கடைசியில் ஒரு சாமியாரை அழைப்பித்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார் என்று அங்கே ஒரு வயதான அம்மா சொன்னார். அவரை அந்த ஊர் மறக்கவில்லை அப்பா. நேர்ச்சை வைத்த சனங்கள் கல்லறையின் கால்மாட்டில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

இனி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதிவிடுங்கள்.

டொறீன்


சே. ம. சூ.

பல்லேபொல,
02.07.1991

என் கண்ணே டொறீன்,

புத்தகம் வந்துவிட்டது. ஐந்நூறு பிரதி. கடுதாசித் தட்டுப்பாட்டில் நடராஜா இழுத்து இழுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆக்கிவிட்டான். பரவாயில்லை. தனியாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தைப் பார்: “நான் போக முடியாத நாட்டில் என் கண்ணாக இருந்த மகள் டொறீனுக்கு.”

உன் கடிதத்தைச் சாமியாரிடம் கொண்டுபோனேன். படித்தார், திரும்பவும் படித்தார். பிறகு அவரே பிரசங்கத்தில் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். வஹகோட்டைத் திருநாளுக்குக் கட்டிக்கொண்டு போய்ச் சனத்தின் நடுவில் நின்று விற்றேன். உப்பும் மிளகும் என்ற இடத்தைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நம்முடைய பிரெஞ்சுச் சாமியாரின் குழியில் நாம் வைக்கிறோமே, அதை அந்தத் தேசத்திலும் வைக்கிறார்கள் என்றால் சும்மாவா? உக்குவளை றஹீமா டீச்சர், முஸ்லிம் பொம்பிளை, இரண்டு பிரதி வாங்கினார்.

அம்மா சவரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் உன் பெயர் இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறாள்.

கொழும்புப் படிப்பாளிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். இனிக் கேட்கட்டும், எங்கே கற்றீர்கள் என்று.

உன் அன்பு அப்பா,
ஒஸ்வல்ட்


பல்லேபொல,
14.03.1993

டொறீனுக்கு,

கண்டிக்கு வந்திருந்த ஒரு பிரெஞ்சுச் சாமியாரை நம் பங்குச் சாமியார் என் வீட்டுக்கு அழைத்துவந்தார். பெருமைக்குத்தான் அழைத்துவந்தார். நானும் பெருமைக்குத்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். நம் சாமியார் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அவருக்கு இங்கிலீசில் சொன்னார். உப்பும் மிளகும் வந்ததும் அந்த மனிதர் சிரித்தார். தன் தேசத்தில் கல்லறையில் யாரும் உப்பும் மிளகும் வைப்பதில்லை, அது சோற்று மேசையில் இருப்பது என்றார். தன் அடக்கத்துக்குச் சாமியார் யாரும் வரக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் பெலரீவ் செத்தாராம். சிலுவை இல்லாத அடக்கம் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்ததாம். ஊருக்குப் போய்ப் பிரதி எடுத்தும் அனுப்பினார். என் அகராதியை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

நம் சாமியார் சிரிக்கவில்லை. “விடுங்க ஒஸ்வல்ட், பிள்ளைகதானே” என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று மாதமாக வாங்கியவர்கள் வீடு வீடாகப் போகிறேன். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை பிளேடால் வெட்டி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறேன். சிலர் காரணம் கேட்டார்கள், சொன்னேன். றஹீமா டீச்சர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பக்கந்தானே நல்லா இருந்திச்சு, அதப் போயி வெட்டுறீங்களே” என்றார். அங்கேயும் வெட்டினேன்.

இருநூற்றுச் சொச்சம் பக்கம் வெட்டியாகிவிட்டது. உன்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

ஒஸ்வல்ட்


பாரிஸ்,
09.05.1993

அப்பா,

நான் சேந்த் ஒப்ரே போகவில்லை. பாரிசை விட்டே வெளியே போகவில்லை. அந்த நவம்பரில் என் கேஸை மறுத்துக் கடிதம் வந்திருந்தது. என்னோடு இருந்த ஒரு பெண்ணை ரயில் நிலையத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே கிழமைதான் உங்கள் கடிதமும் வந்தது.

இல்லை என்று எழுதினால் உங்கள் புத்தகம் நின்றுவிடும். தெரியாது என்று எழுதினால் திரும்பவும் கேட்பீர்கள். இருக்கிறது என்று எழுதினேன். சும்மா இருக்கிறது என்றால் நம்பமாட்டீர்கள், எதையும் விவரமாகக் கேட்கிறவர் நீங்கள். கோப்பை கழுவிக்கொண்டே ஒரு கல்லறையை யோசித்தேன். எனக்குத் தெரிந்த கல்லறை நம் ஊரில்தான் இருக்கிறது. சிலுவை, சுவர், உப்பு, மிளகு, எல்லாம் அங்கேயிருந்து எடுத்தது. வெள்ளைக்காரர்கள் வைப்பார்களா என்று யோசிக்கவே இல்லை. நீங்களும் யோசிக்கவில்லை.

பொய் சொன்னது தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தேன். பெலரீவ் எங்கே படுத்திருக்கிறார் என்று ஐந்து முறை கேட்டிருக்கிறீர்கள். நான் எங்கே படுக்கிறேன் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. எட்டுப் பேர் என்று சொன்னதற்கு லயத்தைச் சொன்னீர்கள். நீங்கள் வழக்கமாகத் தலையில் போடும் சேசு மரி சூசைகூடக் கடைசிக் கடிதத்தில் இல்லை.

அந்த மனிதருடைய ஒரு புத்தகத்தையும் நான் படித்ததில்லை. அவரை வெறுக்கிறேன் என்று சொன்னால் கோபிப்பீர்கள். கோபியுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

டொறீன்


பாரிஸ்,
26.10.1997

அப்பா,

நான்கு வருஷமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா சொல்லி றஹீமா டீச்சர் எழுதிய கடிதங்கள் வருகின்றன. அவற்றிலிருந்துதான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

எனக்குக் கடதாசி கிடைத்துவிட்டது. கிடைத்த முதல் லீவு நாளில் சேந்த் ஒப்ரே போனேன். நேற்று. இதை யாரும் கேட்டு நான் செய்யவில்லை.

சேமக்காலை கோயிலுக்குப் பக்கத்தில் இல்லை, ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது. பெலரீவின் கல் சாம்பல் நிறம், தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. சிலுவை இல்லை. பெயர், 1829, 1897. அதற்குக் கீழே “பீப்பாய்க்காரர் மகன்” என்று மட்டும் வெட்டியிருக்கிறது. வலது மூலை உடைந்திருக்கிறது. பாசி. பூ ஒன்றும் இல்லை. சேமக்காலையைப் பார்த்துக்கொள்ளும் மனிதரிடம் கேட்டேன். அடக்கத்தன்று கோயில் மணி அடிக்கவில்லை, பள்ளிப் பிள்ளைகளும் துறைமுகத்து ஆட்களும் மட்டும் வந்தார்கள் என்று அவருடைய பாட்டனார் சொல்வாராம். என்னை எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். இவருக்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்களா என்றார். ஆமாம் என்றேன்.

அங்கே ஒரு மணி நேரம் நின்றேன். அந்த “பீப்பாய்க்காரர் மகன்” என்ற இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்று இருந்தது. அவரை இப்போது எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது, அப்பா.

போட்டோ இரண்டு வைத்திருக்கிறேன். இதை நம்புங்கள்.

உங்கள் மகள்,
டொறீன்


பல்லேபொல,
22.02.1998

டொறீனுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் சேந்த் ஒப்ரே நகரசபைக்கு நானே பிரெஞ்சில் எழுதினேன். கல் எப்படி இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது, சிலுவை உண்டா என்று கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை பதில் வந்தது, முத்திரையோடு. நீ எழுதியதெல்லாம் சரி. கல்லின் நிறமும் உடைந்த மூலையும் உட்படச் சரி.

நடராஜா திருத்திய பக்கத்தை அடித்துக் கொடுத்துவிட்டான். வெட்டிய புத்தகங்களில் நானே போய் ஒட்டுகிறேன். சிலுவை இல்லை என்பதை முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். சாமியார் இனி விற்க விடமாட்டார். விடவேண்டாம். பெலரீவ் எப்படிச் செத்தாரோ அப்படித்தான் எழுத வேண்டும். பக்கத்தின் கீழே “ஆதாரம்: நகரசபையின் கடிதம்” என்று போட்டிருக்கிறேன். ஒரு முறை பொய் எழுதிய கையை ஆதாரமாகக் காட்ட முடியாது. இதைக் கோபத்தில் செய்யவில்லை. என் தம்பியாக இருந்தாலும், சாமியாராக இருந்தாலும் இதையே செய்வேன். போட்டோக்களை அம்மா எடுத்துவைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

முதல் பக்கத்தில் உன் பெயர் இருக்கிற வரியை என்ன செய்யட்டும் என்று நடராஜா கேட்டான். “உங்க மக பேருங்க, இருந்துட்டுப் போகட்டுங்களே” என்றான். அந்த வரியில் இருப்பது நடந்த விஷயம் அல்ல என்றேன். அதையும் பிளேடால் எடுத்தாயிற்று.

றஹீமா டீச்சரிடம் அம்மா போய் எழுதுவிப்பது எனக்குத் தெரியும். தடுக்கவில்லை. என்னிடம் எழுதித் தரச் சொல்லி முதலில் கேட்டாள். முடியாது என்றேன். இப்போது கேட்பதில்லை.

பெலரீவைப் பற்றி இனி உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. வேலை முடிந்துவிட்டது. வேறு ஏதாவது கேட்டு எழுதலாம் என்று நாலு நாளாக இந்தத் தாளை மேசையில் வைத்திருந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

மு. ஒஸ்வல்ட்