ஓக் பலகையில் ஒரு கீறல்

ஆண்டவர் துணை

வெர்னெ, ஈஸேர்
8 அக்டோபர் 1996, செவ்வாய்

தம்பி ரெமிக்கு,

அக்கா யூஜெனி எழுதுவது. "அன்புள்ள" என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை கை வரவில்லை, விட்டுவிட்டேன். நீ சுகமாகத்தான் இருப்பாய். உன் லாரி உன்னைவிடச் சுகமாக இருக்கும்.

இங்கே மழை விடவில்லை. வால்நட் உதிர ஆரம்பித்துவிட்டது, பொறுக்கி உலர்த்த வெயில்தான் இல்லை. உன் அத்தானுக்கு முழங்கால் வலி. அம்மாவின் வருடப் பூசைக்கு நீ வரவில்லையே என்று பங்குச் சாமியார் விசாரித்தார். ஏதோ அவசரம் போல, சாமி என்றேன். உன் லாரிக்குப் பொருத்தமான சாம்பல் கிண்ணம் பெல்ஜியத்தில் ஒரு பழைய இரும்புக்கடையில் கிடைத்ததுதான் அந்த அவசரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உன் பெயரில் மெழுகுவர்த்தியை நானே ஏற்றினேன்.

லாரி விழாவுக்காகப் போன ஞாயிறு நடந்த ஒத்திகையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் பழைய லாரிச் சங்கத்து ஆட்களுக்கு வெங்காய சூப் எடுத்துக்கொண்டு வந்து மலைச்சாலையின் மூன்றாவது வளைவில், கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றிருந்தேன். நடுவில், சக்கர மேடை மேல், காகித ஆலையின் பழைய கொதிகலன். அதை முன்னால் இழுத்துக்கொண்டு நீ, உன் சுறாமூக்கு வில்லெம் லாரியில். பின்னால் பெர்லியே லாரியில் தள்ளிக்கொண்டு உன் அத்தான் காஸ்டன். உங்கள் ஆட்கள் கண்ணீர் விடாத குறை. ஒருவர் எஞ்சின் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டிருந்தார். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போதுகூட இந்த ஊரில் அப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததில்லை.

வளைவில் நனைந்த இலைகள் கிடந்தன. உன் பின்சக்கரங்கள் சுற்றின, லாரி நகரவில்லை. பிறகு நகர்ந்தது. மேலே இல்லை, பக்கவாட்டில், சுவரைப் பார்த்து. பின்னாலிருந்து கொதிகலன் உன்னை நெட்டித் தள்ளியது. என் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதில் சூப் அண்டா கவிழ்ந்தது. திரும்பிப் பார்த்தால் லாரி நின்றிருந்தது. சுவருக்கும் உன் மட்கார்டுக்கும் நடுவில் என் ஜெபப் புத்தகம் நுழையும், அவ்வளவுதான் இடம்.

நீ இறங்கினாய். குழந்தையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மட்கார்டைத் துடைத்துவிட்டு, "பாத்தியா அக்கா, ஒரு கீறல் இல்ல!" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்.

மலை ஏறுவதற்கு முன்னாலேயே உன் அத்தான் சொன்னாரா இல்லையா? என் காதால் கேட்டேன்.

"ரெமி, லாரி முதுகு காலியா இருக்குடா. கான்கிரீட் கட்டிய ஏத்திக்கோ. பாரம் இல்லாம டயர் ரோட்டப் பிடிக்காது."

"அத்தான், அது ஓக் பலகை. அஞ்சு கோட்டு வார்னிஷ் போட்டிருக்கேன். அது மேல கான்கிரீட்டா? கல்யாணப் பொண்ணக் கரிமூட்டை தூக்கச் சொல்றீங்களே!"

"அப்ப உன் பொண்ணு மலை ஏற மாட்டா. வழுக்கி விழுவா."

"உங்களுக்குப் பொறாமை அத்தான். உங்க கையில இருந்தப்ப அவ சேத்துலதான கிடந்தா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் பின்னால் போய் ஏறிக்கொண்டார்.

பொறாமையாம். நீங்கள் இருவரும் பாரம் இழுக்கிற கம்பெனியில் இருந்த காலமெல்லாம் அந்த வில்லெமை ஓட்டியவர் அவர். பின்னால் பெர்லியேயில் தள்ளியவன் நீ. தள்ளுகிறவனுக்குச் சாலை தெரியாது, சுமையின் முதுகுதான் தெரியும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான், என் சமையலறை மேஜையில் ரொட்டியையும் உப்புக் குப்பியையும் வரிசையாக வைத்து. முன்னால் ஒரு ஹார்ன் அடித்தால் தள்ள வேண்டும், இரண்டு அடித்தால் விட வேண்டும். "அத்தான் ஹார்ன் இருக்கற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு வருவேன் அக்கா" என்பாய். அவர் ஒரு நாளாவது உனக்கு அந்த இரண்டு ஹார்னை அடிக்காமல் விட்டிருக்கிறாரா? போன ஞாயிறு சக்கரம் சுற்றியபோது நீ ஏன் அடிக்கவில்லை? நானே சொல்கிறேன். சங்கத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றத்தின் பாதியில் விடச் சொன்னால் உன் ராணிக்குக் கேவலம்.

ஹார்ன் வராமலே வண்டி எப்படி நின்றது என்று யோசித்தாயா? நான் அவரைக் கேட்டேன். "சீட்டுல தெரிஞ்சுது" என்றார். "கொதிகலன் இடுப்ப ஆட்டுச்சு. முன்னாடி சறுக்கறான்னு புரிஞ்சுது. காலை எடுத்துட்டு பிரேக்கப் பிடிச்சேன்." இதை உன்னிடம் சொல்ல வேண்டியதுதானே என்றால், "அத்தன பேரு முன்னாடியா? பாவம், விடு" என்கிறார். அவருக்குப் பாவமாக இருக்கிறது. எனக்கு இல்லை.

இன்னொன்று. நான் மந்திரித்து வாங்கிக் கொடுத்து, அவர் அந்த லாரியின் ஸ்டியரிங் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருந்த, வழிப்பயணத்துக்குக் காவலான புனித கிறிஸ்தோபர் தகட்டை நீ கழற்றிவிட்டாய். கேட்டால், தொழிற்சாலையில் வைத்தது இல்லையாம். புனிதர்கள் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை தம்பி.

வருகிற ஞாயிறு விழாவுக்கு ஊரே அந்த வளைவில் நிற்கும். போகாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் போகலேன்னா வேற எவனையாவது பின்னாடி உக்கார வைப்பான் யூஜெனி. அவன் ஹார்ன் கேக்கற வரைக்கும் தள்ளிக்கிட்டே இருப்பான். உன் தம்பி அடிக்க மாட்டான்." சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, அவருக்கு அதைவிடப் பிடித்தது கிடையாது. தட்டில் அப்படியே இருந்தது.

கம்பெனி மூடியபோது அவர் தூக்கி வந்த கான்கிரீட் கட்டிகள் நான்கும் எங்கள் முற்றத்தில்தான் கிடக்கின்றன, நான் துணி காயப்போடுகிற இடத்தை அடைத்துக்கொண்டு. அவற்றைத் திட்டாமல் நான் ஒரு நாளும் துணி உலர்த்தியதில்லை. நேற்று அவற்றைத் தேய்த்துக் கழுவினேன். பாசியும் கோழி எச்சமும் போய்விட்டன. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த கம்பளி விரிப்பை நான்காக வெட்டி, அடியில் இரட்டைத் துணி கொடுத்து, ஒவ்வொரு கட்டிக்கும் ஓர் உறை தைத்துவிட்டேன். சங்கிலி போட்டுக் கட்டுகிற இடத்தில் துளை விட்டிருக்கிறேன். விரிப்பை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். உன் வார்னிஷில் கீறல் விழாது.

சனிக்கிழமை மதியத்துக்குள் தூக்கு வண்டியோடு வந்து ஏற்றிக்கொள். வராவிட்டால் ஞாயிறு பூசை முடிந்ததும் நான் மூன்றாவது வளைவுக்குத்தான் போவேன். இந்த முறை சுவரோரம் இல்லை, நடுச்சாலையில், ஜெபமாலையோடு. எனக்காவது ஹார்ன் அடிக்கிறாயா என்று பார்க்கிறேன்.

கடிதத்தின் முடிவில் எழுதுகிற ஆசீர்வாதத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். கட்டிகள் பலகையில் ஏறிய பிறகு, நேரில், உன் நெற்றியில் சிலுவை போட்டுத் தருகிறேன். சனிக்கிழமை உனக்கும் சேர்த்துத்தான் சமைப்பேன்.

கோபம் தீராமல்,
உன் அக்கா
யூஜெனி

பி.கு.: அந்தத் தகட்டை எங்கே வைத்தாய்? தேடி எடு. லாரியில் மாட்ட வேண்டாம் என்றால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை உன் சட்டைப் பையில் போட்டுக்கொள்.