சமையக்காரனா, ரோட்டுக் கூலியா

தோஹா
20.6.2019

அன்புத் தங்கச்சி ஜோதிமணிக்கு அண்ணன் கார்மேகம் எழுதுறது. இங்க நான் உடம்புக்குக் கேடில்லாம இருக்கேன். நீயும் விஜிக்குட்டியும் நேரத்துக்குச் சாப்பிட்டா எனக்கு அதுவே போதும்.

போன் பண்ணலேன்னு கோவிச்சுக்காத தாயி. ஓட்டல்ல எங்க போனையெல்லாம் வாங்கிப் பூட்டிட்டான். வெளிய விடுறதும் கிடையாது. அடுப்படிக்குப் பின்னாலயே படுக்கை. ஏன்னு கேளு. ஆப்கானிஸ்தான்ல அமெரிக்காக்காரன் பட்டாளத்தை எறக்கி வருசக்கணக்கா உக்காந்திருக்கான்ல, அவனும் அவனை எதுத்துச் சண்டை போடுற தாடிக்காரங்களும் எங்க ஓட்டல்லதான் சமாதானம் பேசுறாங்க. கத்தார்க்காரங்க நடுவுல உக்காந்திருக்காங்க. அந்த ஹாலுக்கு நான்தான் டீக்காரன்.

டீன்னா நம்ம ஊரு டீ இல்ல. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும், ஏலக்காய் வாசம் அடிக்கும். சீனி போடமாட்டாங்க, ஒரு மிட்டாயை வாயில அடக்கிக்கிட்டு உறிஞ்சுவாங்க. மொத நாளு தெரியாம நான் பாலை ஊத்தி வச்சுட்டேன். தாடிக்காரங்கள்ல ஒரு பெரியவர் இருக்காரு, எல்லாரும் அவருக்கு எந்திரிச்சு வழி விடுறாங்க. அவரு கப்புக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "யாருய்யா இது, மாட்டையும் பேச்சுக்குக் கூட்டியாந்தது?"ன்னாரு உருதுல. ஹாலே சிரிச்சுச்சு. அமெரிக்காக்காரனுக்குப் புரியல, அவனும் சிரிச்சு வச்சான்.

ஓட்டலுக்கு ஏலக்காய் போடுற கீழக்கரை ராஜிக் பாய் மூலமா உன் சேதி கிடைச்சுது. அவரு ஆளுங்க ஊருக்குப் போகையில இதையும் கொண்டாந்து தருவாங்க. மாப்பிள்ளையை இந்தத் தாடிக்காரங்க ஆளுங்க புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு படிச்சதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. துபாய் வேலைன்னு கூட்டிட்டுப் போயி, அங்கேருந்து ஆப்கானிஸ்தான்ல அமெரிக்காப் பட்டாள கேம்ப்புல சமைக்க அனுப்பிட்டானே அந்தக் கம்பெனிக்காரப் பாவிப்பய. ஹால்ல வாயைத் தொறந்தா அன்னைக்கே பிளேன்ல ஏத்திருவேன்னு மேனேஜர் சொல்லியிருக்கான். சமயம் பாத்து அந்தப் பெரியவர்கிட்ட கேக்குறேன் தாயி.

உன் அண்ணன்
கார்மேகம்


கமுதி
30.6.2019

அண்ணனுக்கு ஜோதிமணி எழுதிக்கொண்டது. விஜி சாப்பிடுறா. நானும் சாப்பிடுறேன்னு வச்சுக்க.

உன் கடிதாசியில டீ ஒரு பக்கம், அவரு நாலு வரி. படிச்சுட்டு அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

துபாய்ல அவரை வேலைக்கு எடுத்த ஜெபல் அலி கம்பெனிக்குப் போன் போட்டேன். "பாண்டித்துரை எங்க குடோன் ஆளு. சொல்லாம ஓடிப்போயிட்டாரு, போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டோம்"ங்கிறான். அவரா ஓடிப்போற ஆளு? கல்யாணத்தன்னைக்கு மாலை உறுத்துதுன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, கழுத்தெல்லாம் தடிச்சு உக்காந்திருந்த மனுசன்.

இப்ப டிவிக்காரங்க வந்து ஒரு யோசனை சொல்றாங்க. கேம்ப்புச் சட்டையோட, முன்னால பெரிய அண்டாவை வச்சுக்கிட்டு அவரு நிக்கிற போட்டோ இருக்குல்ல, அதைப் புடிச்சுக்கிட்டு நானும் விஜியும் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காரணுமாம். ஊரே பாத்துச்சுன்னா அமெரிக்காக்காரன் தன் ஆளுன்னு ஒத்துக்கிட்டே ஆகணும், கைதிங்களை மாத்திக்கிறப்ப இவரையும் கேப்பாங்கன்னு சொல்றாங்க. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வண்டி வருது. கொழுந்தன் பாலகுரு, "யோசிக்காதீங்க மதினி, போயி உக்காருவோம்"ங்கிறாரு.

போகவா வேணாமா? நீதான் சொல்லணும். அந்தப் பெரியவரு சிரிக்கிறாருன்னு எழுதினியே. சிரிக்கிறப்பவே கேளுண்ணே.

தங்கச்சி
ஜோதிமணி


தோஹா
7.7.2019

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுறது. உன் கடிதாசி வந்துச்சு. நல்ல சேதி இருக்கு, நிதானமா சொல்றேன்.

என்கூட லுக்மான்னு ஒருத்தன் வேலை பாக்குறான், பெசாவர்க்காரன். அவன் மீசை இருக்கே, அதுக்குத் தனியா சீப்பு வச்சிருக்கான். மீசை எடுக்கணும், இல்லேன்னா ஹாலுக்குள்ள வரக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டான். "மீசையில்லாம ஊருக்குப் போனா எம் பொண்டாட்டி யாரு நீன்னு கேப்பா"ன்னு லுக்மான் ஒரே அழுகை. கடைசியில பாத்திரம் கழுவப் போயிட்டான். மீசை பொழச்சுது. அதனால மேல் மாடிக்கு ரூம் டீயும் என் தலையில விழுந்துச்சு.

அப்படித்தான் முந்தாநாளு தட்டோட லிப்டுல ஏறுறேன். உள்ள அந்தப் பெரியவரு. கதவு மூடப்போகுது, ஒரு அமெரிக்கா அதிகாரி ஓடிவந்து ஏறிட்டான். பாதியில லிப்டு நின்னுபோச்சு. ஹால்ல மொறைச்சுக்கிட்டு உக்கார்ற ரெண்டு பேரும் தோளும் தோளும் உரச நிக்கிறாங்க. ரெண்டு பேரும் கூரையைப் பாக்குறாங்க. கூரையில என்ன இருக்கு? நானும் பாத்தேன், ஒண்ணுமில்ல. வேர்த்து ஊத்துது. அதிகாரி சூயிங்கம் எடுத்து நீட்டினான். பெரியவரு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பாத்து, என் தட்டுல வச்சாரு. அம்புட்டு நாளாப் பேசின பேச்சுல ஒருத்தன் கொடுத்து ஒருத்தன் வாங்கினது அந்த ஒண்ணுதான்னு நெனைக்கிறேன்.

லிப்டு தொறந்ததும் அதிகாரி போயிட்டான். நான் பெரியவரு ரூமுக்கு டீ கொண்டுபோனேன். ரூம்ல வேற யாரும் இல்ல.

"சாப், ஒரு வார்த்தை"ன்னேன்.

"டீக்காரருக்கு நாக்கு இருக்கா?"ன்னு சிரிச்சாரு.

"என் தங்கச்சி புருசன் உங்க ஆளுங்க கையில இருக்காரு சாப். பாண்டித்துரைன்னு பேரு. இந்தியாக்காரர்."

சிரிப்பு நின்னுபோச்சு. "கேம்ப்புல சமைச்சவனா? ரோட்டு வேலைக்கு வந்த கூலியா?"

"எதுவா இருந்தா என்ன சாப், வயித்துப் பொழப்புதானே?"

"ரெண்டும் ஒண்ணில்ல. பட்டாளத்துக்குச் சோறாக்கிப் போட்டவன் பட்டாளத்துக்காரன். கூலின்னா ஏழை. விட்டுருவோம்."

"கூலிதான் சாப். கல்லு ஒடைக்க வந்த ஆளு"ன்னேன். சொல்றப்ப அவரு கண்ணைப் பாத்தே சொன்னேன்.

தாடியைத் தடவிக்கிட்டாரு. "சொல்லி அனுப்புறேன். வெளிநாட்டு ஆளுங்களை வழக்கமா விடுற எடத்துல கொண்டாந்து விட்டுருவாங்க. அதுவரைக்கும் உங்க பக்கம் யாரும் சத்தம் போடக்கூடாது"ன்னாரு.

அதனால தாயி, டிவி வேணாம். கலெக்டர் ஆபீசுக்குப் போகாத. அந்த அண்டா போட்டோவைக் கிழிச்சு அடுப்புல போடு. சமையக்காரர்ங்கிற வார்த்தை உன் வாயில வரவே கூடாது. இதைச் சொல்லத்தான் எழுத உக்காந்தேன், பேச்சு எங்கெங்கயோ போயிருச்சு.

உன் அண்ணன்
கார்மேகம்


கமுதி
13.7.2019

அண்ணே,

நேத்து வெள்ளிக்கிழமை காலையிலதான் உன் கடிதாசி வந்துச்சு. டிவி வண்டி வாசல்ல நிக்குது. விஜிக்குத் தலை சீவிக்கிட்டே படிச்சேன். லுக்மான் மீசை வந்துச்சு. லிப்டு வந்துச்சு. "என்ன மதினி எழுதியிருக்காரு உங்கண்ணன்?"ன்னு பாலகுரு கேட்டாரு.

"லிப்டுல மாட்டிக்கிட்ட கதை"ன்னேன்.

"அவருக்கென்ன, கத்தார்ல சொகுசா கதை எழுதுறாரு"ன்னாரு. சிரிச்சேண்ணே. அவரைப் புடிச்சிட்டுப் போனதுக்கப்புறம் நேத்துத்தான் சிரிச்சேன். நிதானமா சொல்றேன்னு நீதானே எழுதியிருந்த? வந்து நிதானமாப் படிச்சுக்கலாம்னு அரிசி டப்பா மேல வச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

போட்டோவைத் தூக்கிப் புடிச்சேன். மைக்குல கேட்டாங்க. "எங்க வீட்டுக்காரரு அமெரிக்காப் பட்டாளத்துக்குச் சமையக்காரரு"ன்னு சொன்னேன். சத்தம் பத்தல, இன்னொரு தரம் சொல்லுங்கன்னாங்க. கத்திச் சொன்னேன்.

சாயங்காலம் வந்து மிச்சத்தைப் படிச்சேன்.

அந்தப் பெரியவர்கிட்ட சொல்லு. பட்டிக்காட்டுப் பொம்பளை, யாரோ சொல்லிக் குடுத்ததை உளறிட்டான்னு சொல்லு. போட்டோவுல இருக்கறது வேற ஆளுன்னு சொல்லு. கால்ல விழு. பதில்ல வேற எதுவும் எழுதாத.

ஜோதிமணி


தோஹா
24.7.2019

ஜோதிமணிக்கு,

மாப்பிள்ளை இல்ல.

நீ சொன்னதையெல்லாம் பெரியவர்கிட்ட சொன்னேன். கால்ல விழுந்தேன். அவரு போனை எடுத்து நீ பேசினதைக் காட்டினாரு. அதுல விஜி உன் முந்தானையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "கூலின்னு சொன்னீரே டீக்காரரே"ன்னாரு. "இப்ப எங்க சாப் இருக்காரு?"ன்னேன். "முடிஞ்சுபோச்சு. சேதி வந்துருச்சு"ன்னாரு. உடம்பு கிடைக்காதாம்.

அந்த அமெரிக்கா அதிகாரிகிட்டயும் போயிக் கேட்டேன், உடம்பையாவது கேட்டு வாங்கிக் குடுங்கன்னு. "அவரு எங்க சிப்பாய் இல்ல, கம்பெனி ஆளு. துபாய்ல போயிக் கேளு"ன்னான்.

மத்தியானம் எல்லாரும் கைகுடுத்துக்கிட்டாங்க. பேச்சு நல்லபடியா போகுதாம். பெரியவரு கப்பை நீட்டினாரு. ஊத்தினேன். ஒரு சொட்டு கீழ சிந்தல.

கார்மேகம்