புது வரகு

வில்கமுவ
6.1.74

அன்புள்ள சம்பந்தி ஸரீனா அவர்களுக்கு,

ஸலாம். இங்கே நானும் இவரும் சுகம். மாத்தளையில் நீங்கள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மிளகாய் வாங்க லாரியில் வருகிற ரவூப், மூட்டையை ஏற்றும் முன்பே, "ஒங்க மக ஸுலைஹாவ மாத்தளையில பார்த்தேன் ராத்தா. குச்சி மாதிரி இருக்கா. தின்னது ஒண்ணும் வயித்துல தங்குதில்லையாம்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் நாலாம் மாதத்தில் அந்தப் பிள்ளை தங்காமல் போனது உங்களுக்கும் மறந்திருக்காது. இப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிட்டால் அவளைத் தேற்ற என்னால் முடியாது.

தினைக் கஞ்சி குடிக்க ஆசையாக இருக்கிறது என்று ரவூபிடம் சொல்லியனுப்பினாளாம். உங்களிடம் கேட்க வெட்கப்பட்டிருப்பாள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். காடு வெட்டிப் பயிர் வைத்த எங்கள் சேனையில் விளைந்த தினை ஒரு சாக்கு அனுப்புகிறேன். கடை வைத்திருக்கிற வீட்டுக்குக் காட்டுச் சாப்பாடு அனுப்புகிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு மட்டும் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுங்கள், போதும்.

இப்படிக்கு,
நூருன்னிஸா


மாத்தளை
14.1.74

சம்பந்தி நூருன்னிஸா அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் சாக்கும் கிடைத்தன. உங்களுக்கும் ஜமால்தீன் அவர்களுக்கும் எங்கள் ஸலாம்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வைத்துக்கொண்டேன். என் வீட்டு மருமகள் மிளகாய் லாரிக்காரரிடம் சாப்பாடு கேட்டாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? கேட்டிருந்தால் நான் தேடி வாங்கிக் கொடுத்திருப்பேன்.

சரி, வந்ததை ஆக்கிப் பார்த்தேன். அரிசி போலவே தண்ணீர் நிறைய வைத்துக் கொதிக்கவிட்டு வடித்தேன். பாதி வடிகஞ்சியோடு ஓடிவிட்டது. மீதி பசையாகப் பானையில் ஒட்டியது, பல்லில் மணல் வேறு. என் வீட்டுக்காரர் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இப்ப நாம கிளி வளர்க்கிறமா?" என்று கேட்டார். உங்கள் மருமகன் நுஹ்மான் எழுந்து, பேக்கரியில் பாண் வாங்குகிற கியூவுக்கே போய்விட்டான். ஸுலைஹா மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு வாந்தி எடுத்தாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அதை எப்படி ஆக்குவது என்று விவரமாக எழுதுங்கள். கேட்பதில் எனக்கு வெட்கமில்லை.

ஸரீனா


வில்கமுவ
22.1.74

அன்புள்ள ராத்தா,

உங்களை மூத்த சகோதரியாக நினைத்து ராத்தா என்று எழுதலாம்தானே. கோபம் இருந்தாலும் மறைக்காமல் எழுதினீர்களே, அதனால் துணிந்து எழுதுகிறேன்.

தினையை வடிக்கவே கூடாது. முதலில் இரண்டு சட்டியை வைத்துக்கொண்டு, தண்ணீரோடு ஆட்டி ஆட்டி ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊற்றி அரியுங்கள். மணல் அடியில் நின்றுவிடும். பிறகு கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், கொதி வந்ததும் அடுப்பைத் தணித்து மூடிவிடுங்கள், கிண்ட வேண்டாம். தண்ணீர் வற்றினால் பொலபொலவென்று வரும். முருங்கை இலைச் சுண்டலும் பருப்பும் அதற்குப் பொருத்தம். காலையில் கஞ்சி என்றால் தேங்காய்ப் பால், வெந்தயம், உள்ளிப் பூண்டு, வாசத்துக்கு ஒரு துண்டு ரம்பை இலை. வறுத்து இடித்து, தேங்காய்ப் பூவோடு ரொட்டியும் தட்டலாம்.

ராத்தா, ஒரு விஷயம் என்னை அரிக்கிறது. ஸுலைஹா குறையே சொல்லாமல் சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இருந்த காலத்தில் சூடு போதாது, புளி கூடிப்போச்சு என்று எங்களைப் பாடாய்ப் படுத்தினவள் அவள். அதை வாசித்துச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

ஏழாம் மாதம் அவளை இங்கே கூட்டிவர ஆசைப்படுகிறோம். எங்களில் அதுதானே வழக்கம். உங்கள் சம்மதத்தை எழுதுங்கள்.

உங்கள்
நூருன்னிஸா


மாத்தளை
5.2.74

தங்கச்சி நூருன்னிஸாவுக்கு,

ஸலாம். இப்போது என் கையில் தினை பூப்போல வருகிறது. காலையில் கஞ்சி, பகலில் சோறு, சில நாள் ரொட்டி. கூப்பன் அரிசி வாரக் கடைசி வரை நிற்பதில்லை. பலாபத்வலப் பக்கம் லாரிகளை நிறுத்தி அரிசி கொண்டுபோகத் தடை என்று சாக்குகளைத் தடவிப் பார்க்கிறார்களாம். தினைச் சாக்கை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை என்று ரவூப் சிரிக்கிறார். கிளி கதை சொன்ன மனுஷன் நேற்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டேன்.

ஸுலைஹாவுக்கு வாந்தி குறைந்திருக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறாள், எதைச் சொன்னாலும் செய்கிறாள், தங்கமான பிள்ளை.

ஏழாம் மாதக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். வில்கமுவயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல்? பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. போன வருஷம் நடந்ததற்குப் பிறகு அவளை என் கண்ணை விட்டு அனுப்ப மாட்டேன். அவளிடமும் கேட்டேன். "ஒங்க இஷ்டம் மாமி" என்றாள்.

தினை முடியப் போகிறது. இன்னும் இருந்தால் அனுப்புங்கள்.

ஸரீனா ராத்தா


வில்கமுவ
20.2.74

அன்புள்ள ராத்தா,

ஸலாம். தினை போய்விட்டது. கதிர் முற்றுகிற நேரத்தில் மழையும் கிளியும் சேர்ந்து பாதியை முடித்தன, மீதியை யானை மிதித்தது. அதனால் இந்தத் தடவை ரவூபிடம் வரகு கொடுத்தனுப்புகிறேன். தினையைப் போலவே ஆக்கலாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூட வேண்டும்.

இவருக்கு ஒரு கிழமையாகக் காய்ச்சல். காய்ச்சலோடு எழுந்து அவர்தான் சாக்கை எடுத்துக் கொடுத்தார், நான் அப்போது சேனையில் இருந்தேன்.

அவளை அனுப்ப முடியாது என்று எழுதியதை வாசித்தேன். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனம் கேட்கவில்லை.

நூருன்னிஸா


வில்கமுவ
22.2.74

ராத்தா,

அந்த வரகை ஆக்க வேண்டாம். ஆக்கியிருந்தால் கொட்டிவிடுங்கள். ஸுலைஹாவின் வாயில் ஒரு பருக்கையும் படக் கூடாது.

இங்கே எல்லா வீட்டிலும் பழைய வரகை வாசல் பக்கமும் புது வரகைப் பின் சுவரோரமும் வைப்போம். மழையில் நனைந்து அறுத்த புது வரகு தலையைச் சுற்றவைக்கும், நாக்கைக் குளறவைக்கும், ஆளையே விழுத்திவிடும். ஒரு வருஷம் கிடந்தால்தான் அதன் கெடுதல் போகும். போன கிழமை கூரை ஒழுகியதால் நான் சாக்குகளை இடம் மாற்றி வைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. வாசல் பக்கம் இருந்த சாக்கை அவர் பழசு என்று நினைத்து ரவூபிடம் கொடுத்துவிட்டார். இன்று காலையில்தான் பார்த்தேன். தவறு என்னுடையது.

தந்தி அடிக்கப் போகிற வழியில் பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது. தபால்காரர் மட்டும் எப்படியோ சுற்றி நடந்து வந்திருக்கிறார். அவர் நிற்கிறார், இதோடு முடிக்கிறேன். ஆக்க வேண்டாம் ராத்தா.

நூருன்னிஸா


வில்கமுவ
1.3.74

ராத்தா,

பதில் இல்லை. லாரியும் வரவில்லை. இவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, தனியே விட்டு வரவும் முடியவில்லை. தபால்காரரைக் கண்டால் ஓடுகிறேன், கையை விரிக்கிறார். நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

நூருன்னிஸா


மாத்தளை
3.3.74

தங்கச்சிக்கு,

முதலில் இதை வாசியுங்கள்: ஸுலைஹா இருக்கிறாள். வயிற்றுப் பிள்ளையும் இருக்கிறது. இனி மற்றதை எழுதுகிறேன்.

ஆக்க வேண்டாம் என்ற உங்கள் கடிதம் வரும் முன்பே வரகை ஆக்கிவிட்டேன். கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காயும் வைத்து, வழக்கமில்லாத வழக்கமாக நானும் அவளும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆண்கள் கடையில் இருந்தார்கள். சாப்பிடும் முன் அவள் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். "என்ன புள்ள?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமி" என்று வாயில் போட்டாள்.

பாத்திரம் கழுவ எழுந்தபோது எனக்குச் சுவர் சுற்றியது. எனக்கு வயது போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பினால் அவள் நிலைப்படியைப் பிடித்தபடி சரிகிறாள். கூப்பிடப் பார்த்தேன், என் நாக்கு எழவில்லை. பக்கத்து வீட்டுக் காத்தாயிதான் பார்த்துக் கத்தி, நுஹ்மான் கார் பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே நான் மயக்கத்திலும் அவளுடைய கட்டிலைத்தான் தேடினேனாம். மறுநாள் டாக்டர் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்த அன்று உங்கள் கடிதம் வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். புது வரகாம் என்றேன். "தெரியும் மாமி" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் தின்ன?"

"நீங்க ஆசையா ஆக்கினீங்க. வேணாம்னு சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு... கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"நானும் தின்னேனே, எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வாய் வரல்ல மாமி."

தங்கச்சி, சாக்கு மாறியதற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நுஹ்மானிடம் நான் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. தங்கமான பிள்ளை என்று உங்களுக்கு எழுதினேனே. என் வீட்டில் ஒருத்தி பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, என் முகம் கோணக் கூடாதென்று நஞ்சைத் தின்றிருக்கிறாள்.

ஸரீனா


வில்கமுவ
10.3.74

ஸரீனா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற இடத்தில் அல்லாஹ்வுக்கு ஸஜ்தாவில் விழுந்தேன். மற்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் எழுத உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

சாக்கு என் தவறு. நாளைக்கு மறுமையில் கேட்டாலும் அதை ஒப்புக்கொள்வேன். ஆனால் அவள் இங்கிருந்து வந்தபோது பயந்தவளாக வரவில்லை. அவளுடைய வாப்பா அதட்டினாலும் திருப்பிக் கேட்பாள். உங்கள் வீட்டில் யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் அவளை நேசிப்பதும் தெரியும். ஆனாலும் மிளகாய் லாரிக்காரரிடம் கஞ்சி கேட்டாளே, அன்றைக்கே நான் விளங்கியிருக்க வேண்டும். கூச்சம் என்று உங்களுக்கு எழுதி நானும் மூடிவிட்டேன்.

அவளை அனுப்புங்கள் என்று இனிக் கேட்க மாட்டேன். கேட்கிற தைரியம் சாக்கோடு போய்விட்டது. ஒன்று மட்டும் செய்யுங்கள். வேண்டாம் என்று ஒரு தரமாவது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு இடம் கொடுங்கள். பிரசவத்தில் வலி வந்தால்கூட மாமிக்குக் கஷ்டம் என்று வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பாளோ என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நூருன்னிஸா


மாத்தளை
25.3.74

தங்கச்சி நூருன்னிஸாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் உடனே பேனாவை எடுத்தேன். ஏசிப் பதில் எழுதி, கிழித்தேன். நீங்கள் எழுதியது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

மறுநாளிலிருந்து அவளிடம் எல்லாவற்றையும் கேட்டேன். கஞ்சியா ரொட்டியா, ஜன்னலைத் திறக்கவா மூடவா. எல்லாவற்றுக்கும் "ஒங்க இஷ்டம் மாமி" என்றாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஒனக்குன்னு ஒரு இஷ்டம் இல்லையா?" என்று அதட்டிவிட்டேன். அழுதாள். கேட்கிற விதமும் எனக்குத் தெரியவில்லை என்று அப்போது விளங்கியது. பிறகு கேட்பதையும் விட்டேன். சமைக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் மாமியார் என்னைப் படுத்திய பாட்டை எல்லாம் சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள்.

போன வியாழக்கிழமை காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசல் கதவருகே வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. மயக்கம் வருகிறதோ என்று எழுந்தேன். "மாமி, எனக்கு உம்மாகிட்டப் போகணும். புள்ள பொறக்கிற வரைக்கும் அங்க இருக்கணும். எனக்கு இங்க பயமா இருக்கு" என்றாள்.

முதலில் எனக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. ஊட்டி வளர்த்தது எல்லாம் வீணா என்றுகூட வாய் வரை வந்தது. அவளுடைய கையைப் பார்த்தேன், கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது. "எப்ப போகணும்?" என்று மட்டும் கேட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நுஹ்மான் காரில் கூட்டி வருவான். ஆஸ்பத்திரியைப் பற்றிய பயம் எனக்கு இன்னும் போகவில்லை. எட்டாம் மாதம் மாத்தளைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அதை அவளிடம் சொல்லிவிட்டேன், யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கட்டும். நீங்களும் அவளுக்காகப் பதில் சொல்ல வேண்டாம்.

அவள் போன பிறகு இந்தக் குசினியில் யாருக்கு ஆக்குவது என்று தெரியவில்லை. ஒரு தடவை வந்து பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. நான் வரலாமா என்று அவளையே கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால், அவள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் வேண்டாம் என்றே எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

உங்கள் ராத்தா,
ஸரீனா