வியாழக்கிழமை விமானம்

பன்னிரண்டு பேரை நெருப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டு நீ விமானம் ஏறினாய், அண்ணா.

இதை ராமேஸ்வரத்துக் கடற்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் உன் சாம்பல் இருக்கும் செம்புச் சொம்பு. சற்று முன் ஒரு கிழவர் என் கையைப் பிடித்து மஞ்சள் கயிறு கட்ட வந்தார். ஈர மஞ்சளின் வாசம் ஏறியதும் கையை உதறிவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

அந்த வருடம் பிஜியில், தலைநகர் சுவாவில், துப்பாக்கியைக் காட்டி நம்மவர்கள் இருந்த ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். நம் ஊரை ஒட்டிய ரராவாய்ப் பக்கம் கரும்புத் தோட்டம் எரிந்தது. நம் கோயில் ஓட்டின்மேல் கல் விழுந்தது. திருவிழா வேண்டாம் என்றவர்களிடம், "ஆத்தா காலடியிலேயே பயந்துகிட்டு இருந்தா எப்படி?" என்றாய். நீதான் பூசாரி. என்னையும் அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கும் காப்புக் கட்டினாய். தீமிதி முடியும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும் என்று சட்டம் பேசியதும் நீதான்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, நந்தி விமான நிலையத்திலிருந்து போன் செய்தாய்.

"போன வாரமே போட்ட டிக்கெட், தங்கச்சி. மாத்த முடியல. ஆத்தா புரிஞ்சுக்குவா."

"ஆத்தா புரிஞ்சுக்குவா. அம்மாகிட்ட நீயே சொல்லு."

வைத்துவிட்டாய்.

பயந்ததைத் தப்பென்று சொல்லவில்லை. எனக்கும் பயம்தான், ஊரில் பாதிப்பேர் போய்விட்டார்கள். ஆனால் பையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எங்கள் கையில் முடிச்சுப் போட்டாயே, அதைத்தான் சொல்கிறேன்.

பூக்குழியில் முதலில் இறங்க ஆளில்லை. நான் இறங்கினேன். தணலை எவ்வளவு தட்டிப் பரப்ப வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும். இரண்டு பாதமும் வெந்தது. என் பின்னால் எல்லோரும் வந்தார்கள், அம்மாவும். பிறகு அவரவர் காப்பை அவரவரே அறுத்து ஆற்றில் விட்டோம். அம்மா விடவில்லை.

"கட்டுனவன் வந்து அவுக்கட்டும்."

நீ சிட்னியிலிருந்து கோயில் தரைக்கு மார்பிள் அனுப்பினாய். நீ வரவில்லை. "அசல் சாமி ராமேஸ்வரத்துலதான் இருக்கு, என்னை அங்க கரைச்சிடுங்க" என்று அண்ணியிடம் சொன்னாயாம். அப்படியென்றால் நாங்கள் எந்தச் சாமிக்கு வெந்தோம்?

இங்கே புரோகிதர் கேட்டார், "ஆம்பள யாரும் வரலியாம்மா?"

"வந்திருக்காரு. சொம்புக்குள்ள இருக்காரு."

அவர் சிரிக்கவில்லை. "பிஜியிலெல்லாம் கோயில் இருக்கோ?"

"இருக்குங்க. பூசாரிதான் ஓடிட்டாரு."

இன்னும் ஈரத் தரையில் நின்றால் என் பாதத் தழும்பு இழுக்கிறது. அது என்னோடு போகட்டும். அம்மாவின் கதை வேறு. கயிறு இற்றுப்போகப் போக அதன்மேல் புது நூலைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறாள். நீ செத்த செய்தி வந்த அன்றும் அந்தக் கையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தலைமுழுகினாள்.

புரோகிதர் தண்ணீரில் நின்று கூப்பிடுகிறார். அந்த முடிச்சை இனி யார் அவிழ்ப்பது, அண்ணா? இந்த முறையாவது சொல்லிவிட்டுப் போ.