இரட்டை மேற்கோள் செய்த வேலை

வியாழன் இரவு.

என் கணவர் தொடங்கிய பட்டறையின் பழைய வரைபடங்களை நான் அழிக்கவில்லை. "அம்மாவுக்கு வயசாயிடுச்சு சார், எதையோ தட்டிட்டாங்க" என்று கணினி பார்க்கும் முரளி சொன்னான். அதை நம்பி மகன் ரகு என் பாஸ்வேர்டைப் பறித்துவிட்டான்.

'நகல்' என்று தட்டினால் அன்றைய தேதியிட்ட நகல் எடுக்கும்படி ஏலியாஸ் என்ற குறுக்குப்பெயரை எழுதியவனே முரளிதான். தேதி கேட்கும் கட்டளையை அவன் இரட்டை மேற்கோளுக்குள் வைத்ததால், ஷெல் என்ற கட்டளைத் திரையை நான் திறந்து மூடாமல் வைத்த திங்கட்கிழமையோடு தேதி நின்றுவிட்டது. தினமும் திங்கள் நகலின் மேலேயே புதியது விழுந்து, திருத்தத்துக்கு முந்தைய பழைய வரைபடங்கள் அழிந்தன. ஒற்றை மேற்கோள் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் தேதியைப் புதிதாகக் கேட்டிருக்கும்.

முரளியிடம் காட்டினேன். "ஒரு கோடுதானே, விடுங்கம்மா" என்று சிரிக்கிறான். குறி மாறினால் எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பக்கத்தையே திரும்ப எழுத வைப்பார்.

ரகு, பாஸ்வேர்டைத் திருப்பித் தருவாயா, மாட்டாயா? வாயால் வேண்டாம். எழுதிக் கொடு.