விமானத்தின் முன்விளக்கு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

உன் தம்பிக்குக் கையில் மாவுக்கட்டு. பயப்படாதே, சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. சரக்கு வண்டியைக் கம்பத்தில் மோதிவிட்டதாக உன்னிடம் சொல்லியிருப்பான், காரணத்தைச் சொல்லியிருக்கமாட்டான்.

தரையில் ஆட்கள் நின்றால் விமானத்தின் முன்விளக்கை அணைத்துவிடுவது இங்கே விமான நிலையத்தில் வழக்கம். அந்த வெளிச்சம் கண்ணைக் குருடாக்கிவிடும். அன்று மாலை மழை, சரக்கு ஏற்றும் இடத்தில் விளக்கு எரியவில்லை. என் மீன் பெட்டிகளைச் சீக்கிரம் ஏற்ற வேண்டுமென்று நான்தான் விமானியிடம் கெஞ்சி, அணைத்த விளக்கைத் திரும்பப் போடவைத்தேன். எதிரே வண்டி ஓட்டிவந்த உன் தம்பிக்குக் கம்பம் தெரியவில்லை.

விசாரணையில், "நான்தான் கவனிக்காம ஓட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டான். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஏன்டா இப்படிச் சொன்னாய் என்றேன். "விடுங்க மாமா, நீங்க ஏர்போர்ட் உள்ளே வர்ற பாஸைப் பிடுங்கிட்டாங்கன்னா அக்கா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா" என்று சிரிக்கிறான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளை அவனுடைய மேலாளரிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன். வியாபாரம் அடிபடும், கொஞ்சம் சிக்கனமாக இரு. பருத்திச் சட்டை இரண்டு அனுப்பு, இங்கே வாங்கியது உடம்புக்கு ஒத்துவரவில்லை.

அவனைத் திட்டாதே. திட்டுவதென்றால் என்னைக் கூப்பிடு. உன் குரலையாவது கேட்பேன்.

அவசரத்தில்,
உன் வீட்டுக்காரன்