நான்காம் மாடியின் மூன்றில் ஒரு பங்கு

அன்புள்ள பட்டாணிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அம்மாவின் வலது முட்டி நீங்கலாக. அங்கே நீ எதுவும் நீங்கலாக இல்லாமல் முழுசாகச் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் அனுப்பிய போட்டோவில் நீ மெலிந்து தெரிகிறாய் என்று அம்மா சொன்னாள், போட்டோவை வைத்து எடை சொல்ல முடியாது என்றேன், முப்பத்தொரு வருஷம் தராசோடு குடித்தனம் பண்ணிய மனுஷனுக்குப் பெற்ற பெண் மெலிந்தது தெரியவில்லையாம். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. அத்தைக்குப் பல் பிடுங்கினார்கள், வலித்த பல்லைத்தான் பிடுங்கினார்கள் என்று இதுவரை நம்புகிறாள். உன் கடிதமும் அதற்குள் நீ வைத்திருந்த நம் கட்டடச் சங்கத்து ஓட்டுப் படிவமும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. அந்தப் படிவத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் எதையும் முழுசாகச் சொன்னதில்லை, பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்று உனக்கே தெரியும்.

லிஃப்ட் நின்று பதினொரு மாதம் ஆகிறது. நம் வாசலிலிருந்து தெருவுக்கு எழுபத்திரண்டு படி, ஒரு மாடிக்குப் பதினெட்டு. அம்மா கடைசியாக இறங்கியது ஒன்பது மாதத்துக்கு முன், டாக்டரைப் பார்க்க. திரும்பி வரும்போது இரண்டாம் மாடியில் கால் மடங்கிவிட்டது, மூன்றாம் மாடி பஸ் டிரைவரும் அவர் எதிர்வீட்டு நர்ஸும் நம் சாப்பாட்டு மேஜை நாற்காலியை எடுத்து வந்து அவளை உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டால் சரியாகிவிடும், ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் படியே ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். லிஃப்ட் ஓடுகிற அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன், இன்னொரு தடவை என்னை பீரோ மாதிரி தூக்க விடமாட்டேன் என்கிறாள் இவள். ஆக முட்டி லிஃப்டுக்குக் காத்திருக்கிறது, லிஃப்ட் சங்கத்துக்குக் காத்திருக்கிறது, சங்கம் உனக்குக் காத்திருக்கிறது.

நம் கட்டடத்தில் ஓட்டு தலைக்கு ஒன்று அல்ல, சதுர அடிக்கு ஏற்ப என்பது உனக்கு நினைவிருக்கலாம். மொத்தம் நூறு பங்கு, அறுபது சேர்ந்தால்தான் லிஃப்டைப் பழுதுபார்ப்பது உட்பட எதுவும் நிறைவேறும், வராத ஓட்டு எதிர் ஓட்டு. இந்த அழகான விதியைப் பதினெட்டு வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்த மேதை யார் என்று கேட்காதே. அன்றைக்கு மேலே முழு மாடியும் நம்முடையது, இருபது பங்கு, கீழே மருந்துக்கடைக்காரருக்கும் இருபதுதான், மற்றவர்களுக்கெல்லாம் பத்துப் பத்து. கனமானவன் பேச்சு எடுபடட்டுமே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மருந்துக்கடைக்காரர் முதல் மாடியில் ஒரு வீடும் இரண்டாம் மாடியில் ஒரு வீடும் வாங்கிச் சரக்கு அடுக்கிவிட்டார், இன்றைக்கு அவர் நாற்பது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அதன் கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளாக அடுக்கி வைத்திருக்கிறார், படி ஏறுவது முட்டிக்கு நல்லது என்கிறார், நல்ல முட்டித் தைலமும் விற்கிறார்.

முதல் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். லிஃப்ட் விஷயத்துக்கு மட்டும் சதுர அடியை விட்டுவிட்டு, யார் எத்தனை படி ஏறுகிறார்களோ அதை எடையாக வைக்கலாம், நமக்கு எழுபத்திரண்டு, மூன்றாம் மாடிக்கு ஐம்பத்துநான்கு, இப்படி. அப்படியானால் தரைத்தளத்துக்கு எவ்வளவு என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். பூஜ்யம் என்றேன். அப்ப நான் இந்தக் கட்டடத்திலேயே இல்லையா என்று கேட்டார். இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கணக்குப்படி இல்லைதான் என்றார். எடையை மாற்றுவதற்கும் பழைய எடைப்படிதான் ஓட்டுப் போடவேண்டும் என்று அதற்கப்புறம்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது. கூட்டம் கலைந்தது. நம் பக்கம் டீச்சர், டிரைவர், நர்ஸ், நாம், எல்லாம் சேர்த்தாலும் ஐம்பது. மீதி இருந்தது முதல் மாடித் தையல்காரரின் பத்து, அவருக்குப் பதினெட்டே படி, அவர் எதற்கு வம்பு என்று இருந்தார்.

நான் மேஜையில் உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அம்மா தையல்காரருக்குப் போன் பண்ணி ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வரச்சொன்னாள். மனுஷன் ஏறி வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, பையைத் துழாவினால் அளவு நாடா இல்லை. இறங்கிப்போய் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். அளந்து முடித்ததும் துணியைக் கையில் தொட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன், நாளைக்கு மாதிரிகளைக் கொண்டுவாருங்கள் என்று இவள் நிதானமாகச் சொன்னாள். அவர் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, லிஃப்ட் இருந்தா எல்லாருக்கும் சௌகரியம்தாங்கம்மா என்றார். நம் ஜன்னலில் இருக்கிற திரை போன வருஷம் தைத்தது. ஆக அறுபது ஆகிவிட்டது என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஐம்பத்துமூன்று சொச்சம் என்றார்.

ஏனென்றால் நம் வீடு மூன்று பேர் பெயரில் இருக்கிறது. உனக்கு அப்போது எட்டு வயது, மூவருக்கும் சமமாக எழுதச் சொன்னேன், பத்திரம் எழுதியவர் சிரித்தார். அவரவர் பங்குக்கு அவரவரே கையெழுத்துப் போடவேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். உன் பங்கு ஆறேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. அது இல்லாமல் அறுபது வராது. அப்போது டீச்சர் ஒரு விஷயம் சொன்னார், எடை வேறு பலம் வேறு சார், உங்க பொண்ணோட எடை ஏழு கூட இல்ல, ஆனா அது இல்லேன்னா மத்த ஐம்பத்துமூணும் சும்மா என்றார். எடையளவு இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருஷம் இருந்திருக்கிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதற்குள் உன் படிவம் வந்தது. கையெழுத்து இருக்கிறது, சம்மதம், சம்மதமில்லை என்ற இரண்டு கட்டமும் காலி, கூடவே ஒரு துண்டுத்தாளில் எதுவாக இருந்தாலும் நீங்களே போட்டுக்குங்கப்பா, எப்படியும் அங்கே என் பேச்சுக்கு எடை கிடையாது என்று எழுதியிருக்கிறாய். கோபமாக எழுதவில்லை என்று தெரிகிறது, கோபமாக எழுதியிருந்தால் தேவலை. நான் பேனாவை எடுத்துச் சம்மதத்தில் ஒரு டிக் போட்டிருந்தால் இந்நேரம் அறுபது சேர்ந்திருக்கும். பேனாவை எடுத்தேன். கண்ணாடி இல்லாமல் கட்டம் தெரியவில்லை, அதை எங்கே வைத்தேன் என்று தேடும்போது அம்மா என் பழைய எடைக்கல் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடி அதில் இல்லை. வெல்வெட்டுக்கு அடியிலிருந்து இரண்டு தாள் கிடைத்தது.

ஒரு தாள் உனக்குத் தெரியும். நீ அந்த ஊர் வேலைக்குப் போவதா, இங்கே கிடைத்த வேலையில் சேர்வதா என்று மூன்று வருஷத்துக்கு முன் நான் போட்டுக் காட்டிய பட்டியல், நாலு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை, பத்துக்கு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் அங்கே தொண்ணூற்றைந்து, இங்கே நூற்றைந்து. உணர்ச்சிவசப்படாமல் கணக்கைப் பார் என்று உன்னிடம் சொன்னேன். நீ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதுல என் ஆசைக்கு எவ்வளவு எடைப்பா என்று கேட்டாய். அதற்கு வரியே இல்லை. நீ மறுவாரம் கிளம்பிவிட்டாய், அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை.

இரண்டாவது தாளை நீ பார்த்ததில்லை. அதுதான் முதலில் போட்டது. வீட்டுக்கு அருகில் என்ற வரிக்கு நான் முதலில் நியாயமாகக் கொடுத்த எடை இரண்டு. இரண்டு போட்டபோது அங்கே தொண்ணூற்றைந்து, இங்கே எண்பத்தைந்து. நீ போகலாம் என்று வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அடித்துவிட்டு மூன்று போட்டேன், இரண்டும் சமம். அடித்துவிட்டு நான்கு போட்டேன். பிறகு நல்ல தாளில் அழகாகப் பிரதி எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் உன் முன்னால் வைத்தேன். தட்டுக்கு அடியில் ஈயத்துண்டு ஒட்டிய கடைக்காரர்களை நான் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன், எத்தனை தராசை அவர்கள் அழ அழப் பறிமுதல் செய்திருக்கிறேன், ஒருவர்கூடப் பெற்ற பெண்ணுக்கு நிறுக்கும்போது ஒட்டியதில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். நீ போய்விடுவாயே என்று பயமாக இருந்தது, அதைச் சொல்லத் தெரியாமல் கணக்குப் போட்டேன். தப்பு செய்தேன்.

அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். அவளுக்குக் கணக்கு வராது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாலைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, கட்டம் காலியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்தாள். திருப்பி அனுப்பப் போகிறேன் என்றேன். தபாலுக்குப் போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள், உங்க நேர்மையில என் முட்டி தேயுது என்றாள். பிறகு அவளே, சரி அனுப்புங்க என்றாள். நீ சம்மதமில்லை என்று போட்டாலும் பரவாயில்லை என்று எழுதச் சொன்னாள், நான் மெதுவா ஏறிக்கிறேன், ஆனா அவளே போடட்டும்.

அதனால் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், எதைப் போடு என்று நான் சொல்லப் போவதில்லை. அறுபத்துநான்கு வயசில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், சிரமமாகத்தான் இருக்கிறது. கூட்டம் வருகிற இருபத்தெட்டாம் தேதி, தபால் அதற்குள் வந்து சேர வேண்டும், தாமதமாக வந்தால் நீ என்ன போட்டிருந்தாலும் எதிர் ஓட்டுத்தான். அந்த இரண்டு தாளையும் இந்தக் கடிதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன், வேண்டாமென்றால் கிழித்துப் போடு. முதலில் போட்ட, அடித்தல் உள்ள தாளில், நாலு வரிக்குக் கீழே நேற்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன். பட்டாணியின் ஆசை என்று எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன எடை போடுவது என்று நானும் அம்மாவும் ராத்திரிச் சாப்பாடு வரை பேசிப் பார்த்தோம், எங்களுக்குத் தெரியவில்லை, கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மூன்று வருஷம் தாமதம், இருந்தாலும் அதையும் நீயே போட்டுக்கொள்.

நல்லபடியாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள், எந்த முடிவு எடுத்தாலும் அது உனக்குப் பலிக்கட்டும், எங்கள் இருவரின் ஆசியும் எந்தக் கணக்கும் இல்லாமல் உனக்கு உண்டு. படிவத்தில் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டுவிடாதே, செல்லாது, அதுவும் நான் எழுதிய விதிதான்.

இப்படிக்கு,
மூன்றில் ஒரு பங்குக்காரன்,
உன் அப்பா